நிறைகுடமும் வேண்டா, வெறுங்குடமும் வேண்டா

மேச்சேரியினின்று புறப்படும் மோட்டார் வண்டிக்கு இருவகைப் பாதைகள் உள. ஓமலூர் நோக்கிச் செல்வது பெரும்பாலும் சமவெளி. தொப்பூர் வழியாகத் தருமபுரி சென்று மீள்வதோ கணவாய் ஏறி இறங்குவது. இவ்விரு பாதைகளிலும் இப்போது ஹைபிரிட் என்னும் கலப்பு வண்டிகள் ஓடக் காண்கின்றோம். 2022-ஆம் ஆண்டில் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்டு விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றில் இவ்வகை வண்டிகள் நம் நாட்டில் அறிமுகமாயின. அவற்றை வாங்கினோரிடை ஒரு விவாதம் எழுந்துளது. பாட்டரியை எப்பொழுதும் நிறைத்து வைத்தலே நன்றென்பர் ஒரு சாரார். யாவற்றையும் வண்டியே பார்த்துக்கொள்ளும், ஓட்டுநர்க்கு அதிற் கருமமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் குறையுடையன என்பதே எமது கருத்து.

ஹைபிரிட் வண்டியாவது பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்தது. இக்கருத்துப் புதியதன்று, பெர்டினண்டு போர்ஷே என்னும் பொறியாளர் 1900-ஆம் ஆண்டளவிலேயே இத்தகைய வண்டியொன்றைச் சமைத்தார். எனினும் பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதல் வண்டி 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் ஆகும். ஈண்டு நாம் பேசும் வகை வண்டியின் பாட்டரியை வீட்டு மின்சாரத்தால் நிரப்புவதில்லை. எஞ்சின் சுழலும்போது ஒரு பகுதியும், வண்டி வேகந் தணியும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறித் தருவது ஒரு பகுதியுமாக அஃது நிரம்புகின்றது. சாதாரணக் காரில் பிரேக்கின் சூடாகி வீணே கழியும் ஆற்றல் இங்ஙனம் மீட்கப்படுதல் இவ்வண்டியின் சிக்கனத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாம்.

இனி, பாட்டரியை நிறைத்தே வைத்தல் ஏன் தகாது? மேச்சேரிக்கு அண்மையிலுள்ள மேட்டூர் அணையை நோக்குவோம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 120 அடி. 2018 ஜூலையில் நீர்மட்டம் அவ்வளவை எட்டியது. நிறைந்த அணையைக் கண்டு உழவர் உள்ளம் மகிழ்தல் இயல்பே. ஆயினும் நிறைந்தபின் வரும் வெள்ளத்திற்கு அங்கே இடமில்லை. வந்ததனைத்தையும் கீழே விட்டேயாகவேண்டும். பாட்டரியும் அத்தகையதே. அது நிறைந்திருக்குமாயின், இறக்கத்திலும் பிரேக்கிலும் கிடைக்கும் ஆற்றலை ஏற்க இடமின்றிப் போம். முற்றும் வறண்டிருக்குமாயின், ஏற்றத்தில் எஞ்சினுக்குத் துணை நிற்க இயலாது. மேலும், இவ்விரு எல்லைகளிலும் நெடுநேரம் நிற்பது பாட்டரியின் ஆயுளையும் குறைக்கும். ஆதலின் இவ்வண்டியைச் சமைத்தோர், பாட்டரியின் கொள்ளளவில் ஏறக்குறைய 40 முதல் 80 விழுக்காட்டிற்குள் மின்னேற்றம் நிற்குமாறு கருவிகளை அமைத்துள்ளனர். பாதியளவே காட்டும் அளவுமானியைக் கண்டு கவலுதல் வேண்டா. நடுநிலையே அதற்கு நன்னிலை.

அளவுமானியைக் கண்டு அஞ்சிச் சேர்த்துவைக்க முயல்வோர், தாலந்துகளின் உவமையில் தன் தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனை ஒப்பர். சேர்த்தது புழங்கினாலன்றிப் பயனில்லை. மற்றொரு பிழையும் உளது. மின்சாரத்தால் மட்டும் ஓட்டும் பொத்தானை அடிக்கடி அழுத்திப் பெட்ரோலை மிச்சப்படுத்தியதாகச் சிலர் மகிழ்கின்றனர். செலவான மின்சாரத்தை எஞ்சினே பின்னர் ஈடுசெய்தல் வேண்டும். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதனைப் பாட்டரியிலிட்டு, மீண்டும் எடுத்து மோட்டாரைச் சுழற்றும் ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிது நட்டமாம்.

அங்ஙனமாயின் அனைத்தையும் வண்டியிடமே விட்டுவிடலாமன்றோ எனின், அன்று. வண்டியின் கருவி தற்போதைய நிலையை அறியும். பெரும்பாலும் வரவிருக்கும் சாலையை அறியாது. முன்னறிந்து நடத்தல் ஓட்டுநர் கடமை. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். 1,500 கிலோ எடையுள்ள வண்டியொன்று 100 மீட்டர் உயரம் இறங்குமாயின், ஏறக்குறைய 0.4 கிலோவாட்-மணி ஆற்றல் வெளிப்படும். இவ்வகை வண்டிகளின் பாட்டரி பெரும்பாலும் 2 கிலோவாட்-மணிக்கு உட்பட்ட அளவினதே. அதிலும் பாதிக்குக் குறைவான பகுதியே புழக்கத்திற்குரியது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டினின்று 280 மீட்டர் அளவிலுள்ள சேலத்திற்கு இறங்குங்கால் வெளிப்படுவது 5 கிலோவாட்-மணிக்கு அண்மையதாம். உராய்வில் கழிவது போக எஞ்சுவதும் பாட்டரியின் தாங்குதிறனைப் பன்மடங்கு விஞ்சும். மலைச்சாலையின் சில வளைவுகளைக் கடக்குமுன்னரே அது நிரம்பிவிடும். அதன்பின் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் உதவி குன்றிவிடும். அவ்வேளையில் பிரேக்கை மட்டுமே நம்பி விரைந்திறங்குவோன், அது சூடேறித் தளரும் அபாயத்திற்குத் தன்னையும் உடன் வருவோரையும் ஆளாக்குகின்றான்.

இதற்கு மாற்று எளிது. பல ஹைபிரிட் வண்டிகளில் ‘பி’ என்னும் நிலையொன்று உண்டு. நீண்ட இறக்கத்தில் அதனை இட்டால், எஞ்சினும் சுழன்று வண்டியைத் தடுத்து நிறுத்த உதவும். பாட்டரி நிரம்பினும் அவ்வுதவி நீங்காது. சமவெளியில் அந்நிலை வேண்டா; அங்கே அதனை இடுதல் மீட்கத்தக்க ஆற்றலை வீணாக்கும்.

நியூட்ரலில் இறங்கும் வழக்கத்தைப் பற்றி இங்கு வற்புறுத்திக் கூறுதல் இன்றியமையாதது. தொப்பூர்க் கணவாயில் நிகழ்ந்த கொடிய விபத்துக்களைச் செய்தித்தாள்களில் பலமுறை வாசித்துள்ளோம். எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு இறக்கத்தில் கியரை விடுத்து வண்டியை உருளவிடும் பழக்கம் எவ்வகை வண்டிக்கும் கேடானது. ஹைபிரிட் வண்டிக்கோ அது சிக்கனமும் அன்று. நியூட்ரலில் இருக்கும்பொழுது பாட்டரி நிரம்புவதேயில்லை. ஓட்டுநர் உயிரைப் பணயம் வைத்தும் ஒரு துளி பெட்ரோலும் மிஞ்சாத இப்பேரத்தை அறிவுடையோர் மேற்கொள்வரோ?

சமவெளியில் செய்யத்தக்கனவும் சில உள. முன்னே மாட்டுவண்டியோ, நிறுத்தத்தில் பஸ்ஸோ தென்படின், முன்கூட்டியே காலைத் தளர்த்தி மெல்ல வேகந் தணித்தல் வேண்டும். மோட்டார் ஒரு நொடியில் ஏற்கும் ஆற்றலுக்கு வரம்புண்டாதலால், திடீரெனப் பிரேக்கை மிதித்தால் மிகுதி சூடாகவே கழியும். மேலும் சேலம் சீமையின் கோடை வெம்மை பாட்டரிக்குப் பகை. அதனைக் குளிர்விக்கும் காற்று புகும் துளைகள் பல வண்டிகளில் இருக்கைக்கருகே அமைந்துள்ளன, அவற்றை மூட்டை முடிச்சுகளால் அடைத்தலாகாது, தூசியும் படியவிடலாகாது. கூடியமட்டும் நிழலில் நிறுத்துக. வாரக்கணக்கில் ஓட்டாது நிறுத்தி வைத்தலும் நன்றன்று.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை இத்தகைய வண்டிகளை ஓட்டுவீர்கள். சிலர் அவற்றைச் சமைக்கவுங் கூடும். வரவுக்கு இடமும் செலவுக்குப் பொருளும் ஒருங்கே உடைமைதான் சேமிப்பின் இலக்கணம் என்பதை அச்சிறு பாட்டரி நமக்குக் கற்பிக்கின்றது. கருவி எத்துணை நுண்ணியதாயினும், வளைவுக்கு அப்பாலுள்ள இறக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டியவன் மனிதனே. அவ்வெண்ணத்தைக் கருவியிடம் ஒப்புவித்துவிடாது, கணவாயின் தலையில் நின்றே வேகத்தைத் தணித்து இறங்குவீர்களாக.