சின்ன வயசுக் கதையை யார் கேட்பது?

நம்ம பக்கம் 'அமைதியான பையன்' என்பது பாராட்டு. குன்னம், வேப்பூர் பக்கம் எந்தத் தெருவிலும் அப்படி ஒருத்தன் இருப்பான். விசேஷ வீட்டில் ஓரமா உக்காருவான். குழம்பும் பொரியலும் கலந்தா சாப்பாட்டைத் தொட மாட்டான். ஊர் வழியா போற பஸ் டைம் எல்லாம் மனப்பாடம். மார்க் வாங்குறான்ல, வேறென்ன வேணும்?

பன்னிரண்டாவது வரை இது ஓடிடும். அப்புறம் இன்ஜினியரிங் காலேஜ். ஒரே ரூமில் நாலு பேர், மெஸ்ஸில் தட்டுச் சத்தம், திடீர்னு மாறும் டைம்டேபிள், வைவா, குரூப் டிஸ்கஷன். தூக்கம் போகுது, அரியர் விழுது. டாக்டர் 'டிப்ரஷன், ஆங்சைட்டி' என்று எழுதுகிறார். தப்பில்லை, அது அவனுக்கு நிஜமாவே இருக்கு. கேள்வி அதோட நின்னுடுதே என்பதுதான் என் சண்டை.

ஆட்டிசம் பிறவியிலேயே வர்றது. அது இருக்கிறவங்களுக்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும் மத்தவங்களைவிட அதிகமா வரும். மேலே தெரியும் நோய்க்கு மாத்திரை கிடைக்குது, அடியில் இருப்பதை யாரும் பார்க்கிறதில்லை. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்னு அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு ஒத்துக்கிட்டதே 2013-ல்தான். பொண்ணுங்க பாடு இன்னும் மோசம். மத்தவங்க எப்படிச் சிரிக்கிறாங்க, பேசுறாங்கன்னு பார்த்துப் பழகியே பலர் சமாளிச்சிடுவாங்க. ஊர் அதுக்கு 'அடக்கமான பொண்ணு'ன்னு பேர் வைக்கும்.

தெரிஞ்சா என்ன மாறும்? சிகிச்சையே மாறும். வெறும் பதற்றம்னா 'பயப்படுற இடத்துக்கே போய்ப் பழகு' என்பார்கள். மெஸ் சத்தம் காதில் வலியா இறங்குறவனுக்கு அது சித்திரவதை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-ல் தந்த வழிகாட்டுதல், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு கவுன்சலிங் முறையையே மாற்றச் சொல்கிறது: சுத்தி வளைக்காத பேச்சு, எழுதிக் காட்டுவது, நடுவில் இடைவேளை. நம்ம நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இருக்கு. வைவா கேள்வியை எழுத்தில் கொடுங்க சார்னு கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

ரீல்ஸ் பார்த்துட்டு எல்லாரும் 'எனக்கும் ஆட்டிசம்' என்கிறார்களே என்று கேட்பீங்க. நியாயம்தான். காலேஜில் வந்து ஆரம்பிச்ச தனிமை வேற விஷயம். ஆட்டிசம்னா சின்ன வயசுலயே தடம் இருந்திருக்கணும். அதைச் சொல்லக்கூடியவர் அம்மா. அவரோ மக்காச்சோளக் காட்டில் இருக்கிறார், அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய மத்திய அரசு 2013-ல் தொடங்கிய திட்டம் 18 வயசு வரைதான். நாம காலேஜுக்குள் நுழையும்போது அந்தக் கதவு சாத்திடுது. அதனால காலேஜ் கவுன்சலிங் ஃபார்மில் மூணு கேள்வி சேருங்க: எப்போ பேச ஆரம்பிச்சே, யாரோட விளையாடினே, எந்தச் சத்தம் தாங்காது? மாணவர் சம்மதிச்சா அம்மாவுக்கு ஒரு போன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, அவர் காட்டிலிருந்து வந்த பிறகு.