நடுநிலையின் செலவுக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைசூரு அக்ரஹாரத்திலிருந்து ஒரு காராவது பைலகுப்பே பக்கம் கிளம்பிவிடும். ஹுணசூர், பிரியாபட்டணா தாண்டினால் வந்துவிடுகிறது. எண்பது கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். ‘கோல்டன் டெம்பிள்’ என்று ஊரே சொல்லும் நம்ட்ரோலிங் மடம், பொன்முலாம் பூசிய மூன்று பெரிய சிலைகள், வெளியே வந்தால் ஒரு தட்டு மோமோ. இவர்கள் யார் என்று பிள்ளைகள் கேட்டால் ‘திபெத்திலிருந்து வந்தவங்க’ என்கிறோம். ஏன் வந்தார்கள் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் கார் குஷால்நகர் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த அடுத்த கேள்விக்கு இப்போதாவது பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த நாளிலிருந்து நம் தெருவில் நடக்கும் வாதம் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது: இந்தியா யார் பக்கம்? ஒருவர் கண்டித்திருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நமக்கெதற்கு ஊர்வம்பு என்கிறார். இரண்டு பேருமே விட்டுவிடும் கேள்வி, எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதற்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்பது. அதற்கான பழைய பதில் ஒன்று நம் மாவட்டத்திலேயே குடியிருக்கிறது.

1950 அக்டோபர் 7 அன்று சீனப் படை யாங்சி ஆற்றைக் கடந்து கிழக்குத் திபெத்துக்குள் இறங்கியது. இரண்டு வாரம் முடிவதற்குள் சாம்டோ விழுந்தது. எதிர்த்து நிற்கத் திபெத்திடம் இருந்தது சில ஆயிரம் பேர் கொண்ட படை. லாசா அரசு நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையிட்டது. அந்த முறையீட்டை விவாதத்துக்கு எடுக்கச் சொல்லி முன்வந்தது எல் சால்வடோர் என்ற, உலகத்தின் மறுகோடியில் கிடக்கும் குட்டி நாடு. நவம்பர் 24 அன்று அந்த முறையீடு பொதுச்சபையின் பொதுக் குழு முன் வந்தபோது ஒத்திவைக்கலாம் என்றது பிரிட்டன். பேசித் தீர்த்துக்கொள்ள இன்னும் வழியிருக்கிறது என்று இந்தியாவும் சேர்ந்துகொண்டது. ஒத்திவைத்தார்கள்.

அன்று இந்தியாவுக்காகப் பேசியவர் நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங். 1939-இல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தைப் பங்கு போட்டபோது, சோவியத் நிலத்துக்கு நாடுகடத்தப்பட்ட குடும்பங்களின் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 1942-இல் தன் சமஸ்தானத்தில், பாலாசடி என்ற கடலோரக் கிராமத்தில், வீடு கட்டிக்கொடுத்த அதே மனிதர். போலந்தில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. படையெடுப்பு என்றால் என்ன, அதில் சிக்கிய பிள்ளைகள் எப்படியிருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தேசத்தின் பெயரால் பேச உட்கார்ந்தபோது அவர் வாயிலிருந்து வந்தது ஒத்திவைப்பு. ராஜதந்திரத்தின் இயல்பே அப்படி. அதில் உட்காரும் நல்லவரையும் அது தன் அளவுக்கு வெட்டிக்கொள்ளும்.

நேருவின் பக்கத்தில் நியாயமில்லாமல் இல்லை. கொரியாவில் போர் எரிந்துகொண்டிருந்தது. அதைத் தணிக்கச் சீனாவோடு பேசக்கூடிய ஒரு சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விடுதலை பெற்று மூன்றே ஆண்டு, காஷ்மீர் முடியவில்லை. இமயத்தைத் தாண்டிப் படை அனுப்பியிருக்கலாம் என்று இன்று சொல்பவர்கள் அன்றைய சாலைகளின் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். சீனாவை நம்ப வேண்டாம் என்று நவம்பர் 7 அன்றே நீண்ட கடிதம் எழுதிய வல்லபாய் படேலும் திபெத்துக்குப் படை அனுப்பு என்று கேட்கவில்லை. நம் எல்லையைப் பலப்படுத்து என்றுதான் கேட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1954 ஏப்ரல் 29 அன்று, பஞ்சசீலத்தை முகப்பில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தில் ‘சீனாவின் திபெத் பகுதி’ என்று கையெழுத்திட்டோம். கியான்ட்சேயிலும் யாதுங்கிலும் இருந்த நம் காவல்படை திரும்பி வந்தது.

1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. தலாய் லாமா மலை கடந்து தவாங் வழியாக இந்தியாவுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் பல்லாயிரம் பேர். அந்த அக்டோபரில் அயர்லாந்தும் மலாயாவும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஐ.நா. பொதுச்சபையில் 45 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு. 26 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த 26-இல் இந்தியாவும் உண்டு. 1961-இலும் ஒதுங்கியே இருந்தோம். 1962-இல் நம் எல்லையில் அடி விழுந்த பிறகு, 1965-இல்தான் ஆதரவாகக் கை உயர்த்தினோம்.

ஆனால் ஓட்டுப் போடாத அதே ஆண்டுகளில் வேறொரு வேலை நடந்தது. அஸ்ஸாமின் மிஸ்ஸாமாரியிலும் வங்காளத்தின் பக்ஸாவிலும் முகாம்கள். குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சமவெளியின் வெயிலில் காசநோயும் வயிற்றுப்போக்குமாகச் செத்தார்கள். உடம்பில் தெம்பு இருந்தவர்கள் இமயமலைச் சாலைகளில் கல் உடைத்தார்கள். இவர்களைக் குடியேற்ற நிலம் தர முடியுமா என்று தில்லி மாநிலங்களைக் கேட்டது. அன்றைய மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் ஒதுக்கியது. 1961-இல் லுக்சும் சாம்துப்லிங் குடியிருப்பு தொடங்கியது. காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்டார்கள், யானை வந்து தின்றது, மறுபடியும் போட்டார்கள். பிறகு முண்டகோடு, ஹுணசூர் பக்கத்துக் குருபுரா, கொள்ளேகாலுக்கு அப்பால் ஒடெயரபாளையா என்று குடியிருப்புகள் பெருகின.

எல்லாரும் கைகொடுத்ததால்தான் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு பணம் கொடுத்தது, மாநிலம் நிலம் கொடுத்தது, வெளிநாட்டு உதவி அமைப்புகள் டிராக்டரும் மருந்தும் கொடுத்தன. ஜேனு குருபர்களும் சிறு விவசாயிகளும் வாழும் காட்டோரக் கிராமங்கள், தங்களைக் கேட்காமலே வந்த அண்டை வீட்டாரை ஏற்றுக்கொண்டன, ஐ.நா. என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் கிராமங்களின் பங்கை நாம் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. திபெத்தியரைக் குடியேற்ற மாநில அரசுக்குத் துணையாக 1968-இல் உருவானதுதான் மைராடா அமைப்பு. மைசூர் மறுகுடியேற்ற, மேம்பாட்டு முகமை என்பது அதன் விரிவு. அகதிகளுக்கென்று பிறந்த அது பிறகு உள்ளூர்க் கிராமங்களுக்குள் போனது. எண்பதுகளில் அது வளர்த்த சிறு சேமிப்புக் குழுக்களைப் பார்த்து நபார்டு கைகொடுத்தது. இன்று நாடெங்கும் பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களின் முன்னோடிகளில் அவையும் அடங்கும். அகதிக்குச் செய்ததெல்லாம் நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது என்று வாட்ஸாப்பில் எழுதுபவர்கள், தங்கள் அம்மா எந்தக் குழுவில் கடன் வாங்கித் தையல் மெஷின் வாங்கினார் என்று விசாரித்துப் பார்க்கட்டும்.

பைலகுப்பேயோடு திரும்பாமல் அதே சாலையில் மேலே போனால் மடிக்கேரி, மலையிறங்கினால் சுள்ளியா. அங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் தமிழ் கேட்கும். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் வந்தவர்களின் குடும்பங்கள் இவை. அங்கே படையெடுப்பு ஏதும் நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு தலைநகரங்கள் தங்களுக்குள் சுமுகமாகிக்கொண்டதன் பாரம், கருத்துக் கேட்கப்படாதவர்கள் தலையில் இறங்கியது. ஒரே நெடுஞ்சாலையில் இரண்டு ஒப்பந்தங்களின் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வெளியுறவுக் கொள்கை தில்லியில் எழுதப்பட்டாலும், அது வந்து இறங்கும் இடத்துக்கு ஒரு தாலுகாவின் பெயர் இருக்கிறது.

இப்போது உக்ரைன். 2022 மார்ச் 2 அன்று படையெடுப்பைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்தில் 141 ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 ஒதுங்கல். வழக்கம்போல் நாம் அந்த 35-இல். அதற்கு முதல் நாள்தான் கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் நம் ஹாவேரி மாவட்டத்து மருத்துவ மாணவர் ஒருவர் இறந்திருந்தார். சாப்பாட்டுச் சாமான் வாங்க வெளியே போனவர். உடல் பெங்களூரு வந்துசேர மார்ச் 21 ஆகிவிட்டது.

நடுநிலையால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுமி நகரில் சிக்கியிருந்த ஏறத்தாழ 700 மாணவர்கள் மார்ச் 8 அன்று வெளியே வர முடிந்ததில், பிரதமர் இரண்டு பக்கத்துத் தலைவர்களோடும் பேசக்கூடிய இடத்தில் இருந்தது உதவியது. ‘ஆபரேஷன் கங்கா’வில் 90 விமானங்களில் 22,500-க்கும் மேற்பட்டவர்கள் நாடு திரும்பினார்கள். பெரிய வேலை, பாராட்டத்தான் வேண்டும். பாராட்டு விழா முடிந்த பிறகு அந்த மாணவர்கள் பாதியில் நின்ற படிப்போடு உச்சநீதிமன்றம் வரை அலைந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னொரு பக்கம் வரவு. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 2023-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி விலையில் வாங்கிச் சுத்திகரித்து வெளிநாட்டுக்கும் விற்றார்கள். அது தேசத்துக்கு நல்லது என்றால், சரி, நல்லதே. ஆனால் வரவு ஒரு கணக்கிலும் செலவு இன்னொரு வீட்டிலும் விழுகிறது. கல்புர்கியிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் காவலர் வேலை, உதவியாளர் வேலை என்று ஏஜெண்டுகளிடம் பணம் கட்டிப் போன பையன்கள் ரஷ்யப் படையின் பதுங்குகுழிகளில் போய் விழுந்தார்கள். இந்த ஏஜெண்டுகள் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: 126 பேர் போனதாகத் தெரிகிறது, 96 பேர் திரும்பிவிட்டார்கள், 12 பேர் இறந்துவிட்டார்கள், 16 பேரைக் காணவில்லை.

வாக்களிக்காமல் ஒதுங்கியது சரியா தவறா என்பதில் நமக்குள் கருத்து ஒன்றாக வேண்டிய அவசியமே இல்லை. தவறு என்றே நான் நினைக்கிறேன். படையெடுப்பைப் படையெடுப்பு என்று சொல்லிவிட்டும் எண்ணெய் வாங்கியிருக்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இது சுத்த அசட்டுத்தனமாகப் படுகிறது. ஆனால் காங்கிரஸ் ஆண்டாலும் பா.ஜ.க. ஆண்டாலும் இந்தியா இப்படித்தான் ஒதுங்கி வந்திருக்கிறது என்பது எழுபது ஆண்டுப் பதிவு. நாளை இன்னொரு படையெடுப்பு நடந்தால் இன்னொரு முறை ஒதுங்குவோம். அப்படியென்றால், ஒதுங்குவதை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் பொதுவான வேலை ஒன்று மிஞ்சுகிறது: அதன் செலவு சிக்கியவர் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வது.

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. திபெத்தியருக்கு நிலமும் பதிவுச் சான்றும் கிடைத்தது அன்றைய தலைவர்களின் மனசால். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழருக்கு அந்த நிலம் கிடைக்காமல் போனதும் மனசால்தான். அவர்களில் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு என்று 2025-இல் உள்துறை அறிவித்தது. சிறைக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். குடிமக்களாகும் வழி இன்னும் திறக்கவில்லை. ஆளும் தலைவரின் மனசு எப்படி என்று பார்த்து ஒருவர் தன் பேரனின் வாழ்க்கையைத் திட்டமிட முடியுமா?

மாநிலம் செய்ய வேண்டியது தனி. வெளிநாட்டில் இருக்கும் தன் மக்களுக்காகக் கேரளம் 1996-லேயே நோர்க்கா என்ற துறையைத் தொடங்கியது. எந்த நாட்டில் யார் படிக்கிறார்கள், யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்ற பதிவு நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இருந்தால், குண்டு விழுந்த பிறகு தொலைபேசி எண் தேடும் கூத்து நடக்காது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளுக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது காவல் நிலையத்தின் வேலை. அந்த விளம்பரத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் அனுப்பும் முன் ஒரு நிமிடம் விசாரிப்பது நம் வேலை. அதற்கு அரசாணை தேவையில்லை.

சட்டத்துக்குக் கருத்தொற்றுமை வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2015-இல் அகதிகள் பாதுகாப்புக்காக மக்களவையில் மூன்று தனிநபர் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. ஒன்றைக் கொண்டுவந்தவர் காங்கிரஸின் சசி தரூர், இன்னொன்றை பா.ஜ.க.வின் வருண் காந்தி, மூன்றாவதை பிஜு ஜனதா தளத்தின் ரவீந்திர குமார் ஜெனா. மூன்று கட்சிகள், ஏறக்குறைய ஒரே கோரிக்கை. எதுவும் சட்டமாகவில்லை. தரூர் 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்கிய அதே மாதத்தில், மறுபடியும் கொண்டுவந்தார். அதுவும் கிடப்பில் போனது.

பைலகுப்பே இருப்பது மைசூரு–குடகு மக்களவைத் தொகுதிக்குள். நம் ஓட்டும் அங்கேதான். தனிநபர் மசோதாக்களுக்கென்று மக்களவை வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குகிறது. எந்தக் கட்சிக்காரர் நம் உறுப்பினராக இருந்தாலும், அப்படி ஒரு வெள்ளிக்கிழமையை அவரிடம் எழுத்தில் கேட்கலாம்.