கோர்ட் வாசல் உங்கள் கையில்!



"கோர்ட்டுக்குப் போனால் கடை போய்விடும்." மேலப்பாளையம், பேட்டை கடைத்தெருக்களில் ஏமாந்தவர்கள் சொல்லும் வார்த்தை இது. 2004-ல் மதுரைக் கிளை வரும்வரை ஹைகோர்ட் வழக்குக்குச் சென்னைக்கு ரயிலேறிய நெல்லைச் சீமை அல்லவா? அன்று அந்தப் பயம் நியாயம். இன்றும் நியாயமா?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவன் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2025-ல் வந்த 'இ-ஜாக்ரிதி' தளத்தில் மனுவை வீட்டிலிருந்தே அனுப்பலாம். கெடு 2 ஆண்டு. மறவாதீர்!

மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கு இது பொருந்தாது. செக் திரும்பிய வழக்கா? லோக் அதாலத் இருக்கிறது. அங்கே முடியும் சமரசம் சிவில் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. நம் பெண்களுக்கோ, 1987 சட்டப்படி வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

ஆனால், கம்ப்யூட்டர் தெரியாத ஏழைக்கு இணையமும் பூட்டிய கதவுதான். 'எல்லாம் ஆன்லைன்' என்று அரசு கை கழுவக் கூடாது. நாமும்தான்!

ஜமாஅத் நிர்வாகிகளே! ஒரு கம்ப்யூட்டர், படித்த இரண்டு இளைஞர்கள், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம். இதுகூட முடியாதா?

செல்போனோடு இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞனே! சமுதாயத்தின் உரிமைக்காக ஒரு மணி நேரம் விழித்திருக்க மாட்டாயா?