தாயின் பாவமா? தடுக்காதவர் பாவமா?

ஒரு குழந்தைக்குத் தலையிலும் காதிலும் கரப்பான் பிடித்து நீர் வடிந்தால், அது பெற்றவள் செய்த பாவம் என்பதாகச் சொல்லுகிறவர்கள் ஒரு சாரார். அவர்களைவிடச் சற்றுப் படித்தவர்கள், பாவம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "குளிப்பாட்டத் தெரியாத தாய், அழுக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வார்த்தை வேறேயொழிய, குற்றத்தைத் தாயின் தலையில் போடுவதில் இருவருக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. இவ்விரு சாராரும் ஜமைக்கா தீவில் நடந்த சங்கதியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கட்டும்.

ஜமைக்கா மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்கு பெரும்பாலான ஜனங்கள். 1966இல் ஸ்வீட் என்னும் வைத்தியரும், மறுவருஷம் வால்ஷ் என்பவரும், அத்தீவின் குழந்தைகளிடம் கண்ட ஒருவிதக் கரப்பானைப் பற்றி எழுதினார்கள். தலை, காதின் பின்புறம், கண்ணிமை ஓரம், மூக்கடி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலெல்லாம் புண்ணாகி, நீர் வடிந்து, பொருக்குத் தட்டும். மூக்கு ஓயாமல் ஒழுகும். கிருமிகளைக் கொல்லும் மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். மருந்தை நிறுத்தினாலோ மறுபடியும் கிளம்பிவிடும். புண்ணில் இருந்தவையோ எல்லார் தோலிலும் சாதாரணமாகக் காணக்கூடிய கிருமிகள்தான். அப்படியிருக்க, இந்தக் குழந்தைகளை மாத்திரம் அவை ஏன் விடாமல் பிடித்தாட்ட வேண்டும்? இதற்கு விடை கிடைக்க இருபது வருஷங்களுக்கு மேலாயிற்று.

விடை வந்த வழி ஜப்பான் வழி. 1977இல் அந்நாட்டு வைத்தியர் தகாட்சுகியும் அவருடைய கூட்டாளிகளும், வயது வந்தவர்களுக்கு வரும் புதுவிதமான இரத்தப் புற்றுநோய் ஒன்றை விவரித்தார்கள். 1980இல் அமெரிக்காவில் கேலோவின் ஆராய்ச்சிக்கூடத்தார், எச்.டி.எல்.வி.-1 என்னும் வைரஸைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் இதுவேயென்று பிறகு ருஜுவாயிற்று. 1990இல் ஜமைக்காவில் இந்தக் கரப்பானுள்ள 14 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பதினான்கு பேரிடத்திலும் அந்த வைரஸின் அடையாளம் இருந்தது. வேறுவிதக் கரப்பானுள்ள 11 குழந்தைகளைச் சோதித்ததில் ஒருவரிடத்திலும் இல்லை. பாவமும் அழுக்கும் இப்படிக் கணக்குப் பார்த்துப் பிடிக்குமா என்று கேட்கின்றோம்.

இந்த வைரஸின் போக்கே விசித்திரமானது. இரத்தத்தில் நம்மைக் காக்கும் காவலாளிகளான வெள்ளணுக்களில் டி செல் என்று ஒன்று உண்டு. வைரஸ் அதற்குள் புகுந்து, அணுவின் மரபுச் சரக்கோடு தன் மரபுச் சரக்கைச் சேர்த்துத் தைத்துவிடுகின்றது. பிறகு அணு இரண்டாகும்போதெல்லாம் வைரஸும் இரண்டாகின்றது. எய்ட்ஸ் வைரஸ் தான் புகுந்த அணுவை அழிப்பது. இதுவோ அழிக்காமல், பெருகும்படி தூண்டிவிட்டு, அதன் மறைவிலேயே காலமெல்லாம் குடியிருப்பது. காவலாளியே கெட்டுப்போனால் வாசலில் நின்ற சில்லறைத் திருடனும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுகிறான். தோலில் நடப்பது இதுதான். வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நோயில்லாமலே இருந்துவிடுகின்றார்கள். ஆனால் இந்தக் கரப்பான் வந்த குழந்தைகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. பிரேசில் தேசத்து பாயியா மாகாணத்தில் கவனித்துவந்த இத்தகைய குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு முதுகுத்தண்டு நோய் கண்டு கால் விறைத்துப்போயிற்று. சிலருக்குப் பின்னால் இரத்தப் புற்றுநோயும் வருகின்றது. "சொறிதானே, வளர வளரப் போய்விடும்" என்று சமாதானம் சொல்லுகிறவர்களின் யோக்கியதை இவ்வளவுதான்.

இது நிற்க. வைரஸ் குழந்தைக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் தாய்ப்பாலில் உள்ள அணுக்களின் வழியாக. தாய்க்கோ நோய் ஒன்றுமிராது. தன்னிடம் அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் அவள் தாயின் பாலிலிருந்து வந்திருக்கலாம். பாட்டி, தாய், பிள்ளை என்று ஒரே வீட்டில் தொடர்ந்து வருவதைப் பார்த்துத்தான் குலசாபம் என்று கதை கட்டிவிடுகின்றார்கள். எந்தச் சாபமாவது பால் குடித்த மாதக் கணக்குப்படி ஏறவும் இறங்கவும் செய்யுமா? ஜப்பானில் நாகசாகிப் பகுதியில், 1987 முதற்கொண்டு கர்ப்பிணிகளைச் சோதித்து, வைரஸ் உள்ள தாய்மாருக்கு உண்மையைச் சொல்லி, புட்டிப்பாலுக்கு வழி செய்தார்கள். நெடுநாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்குத் தொற்றியது; ஆறு மாதத்துக்குள் நிறுத்தினவர்களில் சுமார் 7 பேருக்கு; புட்டிப்பால் குடித்தவர்களில் 2 அல்லது 3 பேருக்குத்தான். இதைப் பார்த்து 2010இல் அந்நாட்டு சர்க்கார் தேசம் முழுவதும் கர்ப்பிணிகளைச் சோதிப்பதென்று முடிவு செய்தது.

"அப்படியானால் எல்லாத் தாய்மாரும் பாலை நிறுத்திவிட வேண்டியதுதானோ?" என்று சில புத்திசாலிகள் குறுக்கே கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. வைரஸ் இல்லாத தாயின் பாலுக்கு மிஞ்சினது ஒன்றுமில்லை. வைரஸ் உள்ள தாயிடத்திலும், நல்ல தண்ணீரும் மாற்றுப் பாலுக்குப் பணமும் இல்லாத இடத்தில், "நிறுத்து" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது, வைரஸிலிருந்து மீட்டு வயிற்றுப்போக்கில் கொல்லுவதாகவே முடியும். சோதனையும் பாலும் தண்ணீரும் சேர்ந்து வர வேண்டும். அதற்குப் பணம் போட வேண்டியவர்கள் சர்க்காரே தவிர ஏழைத் தாய் அல்ல.

இந்தப் பணத்தைப் போட மனமில்லாதவர்கள்தான், "இது அபூர்வமான வியாதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுகிறார்கள். 2012இல் போட்ட மதிப்பின்படி உலகத்தில் இந்த வைரஸ் உள்ளவர்கள் 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை. மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளில் சில ஊர்களில் வயது வந்தவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல். கேலோவின் கூடத்தார் வைரஸைப் பிரித்து நாற்பது வருஷங்கள் கழிந்த பிறகும் இதற்குத் தடுப்பூசி இல்லை. ஜமைக்காக் கறுப்பர், பாயியா ஏழைகள், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் ஆகியவர்களுக்குப் பதிலாக லண்டன் பிரபுக்களின் பிள்ளைகளுக்குத் தலையில் நீர் வடிந்திருந்தால், அபூர்வம் என்ற வார்த்தை இவர்கள் வாயில் வந்திருக்குமா?