'உங்களுக்கு என்ன வேணும்?' - மனநல வார்டில் கேட்க மறக்கும் கேள்வி

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 24 வயது இளைஞர், ஐ.டி. வேலை. சில வாரங்களாகத் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறார். போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சிம் கார்டை உடைத்துப் போடுகிறார். பதறிப்போன பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்கள். டாக்டர் முன்னால் மூன்று நாற்காலிகள். "எத்தனை நாளா இப்படி இருக்கார்?", "நைட்டு தூங்குறாரா?", "கோபப்படுறாரா?" எல்லாக் கேள்வியும் அப்பாவைப் பார்த்து. நடு நாற்காலியில் அந்த இளைஞர் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் ஒருவரை மனநல சிகிச்சைக்கு அழைத்துப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. காய்ச்சலுக்குப் போனால் நம்மிடம்தான் கேட்கிறார்கள். சைக்கோசிஸ் என்று வந்துவிட்டால் மட்டும் கேள்விகள் நம்மைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடுகின்றன.

முதலில் ஒரு விஷயம். சைக்கோசிஸ் என்றால் 'சைக்கோ' இல்லை. சினிமா வில்லனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இல்லாத குரல் கேட்பது, நடக்காத ஒன்றை நடப்பதாக உறுதியாக நம்புவது, யோசனைகள் கோவையில்லாமல் சிதறுவது ஆகியவைதான் இதன் அறிகுறிகள். இந்த வகையில் பலருக்கும் தெரிந்த நோய் மனச்சிதைவு. உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. அதாவது, படிப்பு முடித்து முதல் வேலையில் சேரும் வயது.

அப்படி ஒருவர் வார்டில் சேர்க்கப்படும்போது நோயை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்த்து சிகிச்சை தருவதை 'நபர் மையப் பராமரிப்பு' என்கிறார்கள். கேட்க என்னவோ கார்ப்பரேட் டிரெயினிங் வார்த்தை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் உள்ளே இருப்பது எளிய விஷயம். இதற்கென்றே ஒரு ஆய்வு மையம் வைத்திருக்கும் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகம் இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. நோயாளி தன் கதையைத் தானே சொல்வது முதல் படி. அடுத்து, அவரும் மருத்துவக் குழுவும் சேர்ந்து திட்டம் போடுவது. கடைசியாக, பேசி முடிவெடுத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பது. மூன்றாவது படிதான் முக்கியம் என்பேன். எழுதாவிட்டால் அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கு முதல் இரண்டும் நடந்ததே தெரியாது.

"இதெல்லாம் ஸ்வீடனுக்குச் சரி" என்று தோன்றலாம். ஆனால் நம் ஊர்ச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல மருத்துவச் சட்டம், 2017 எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தனியறையில் பூட்டிவைக்கக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. யூனிஃபார்ம்தான் போட வேண்டும் என்று வற்புறுத்த முடியாது, சொந்த உடை உடுத்தலாம். குறிப்பிட்ட நேரங்களில் போனில் பேசலாம், பார்க்க வருபவரை வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இதைவிட முக்கியமான வரி ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டிய நிலை வந்தாலும் முதலில் 30 நாள் வரைதான். அதற்குள்ளும் 7 நாளுக்கு ஒருமுறை, 'இப்போது இவரே முடிவெடுக்க முடியுமா?' என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அட்மிஷன் அன்று குழம்பியிருந்தவர் பத்தாம் நாள் தெளிவாக இருக்கலாம். பத்தாம் நாளும் அப்பாவிடமே கேட்டுக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமையலறையே சாட்சி. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தவர் மாத்திரை சாப்பிட மறுக்கிறார். அம்மா அதைப் பொடித்து சாம்பாரில் கலக்கிறார். பல வீடுகளில் நடப்பதுதான், அந்த அம்மாவைக் குறை சொல்லவும் மனசு வராது. ஆனால் ஒருநாள் அது தெரிந்துவிடும். ஏற்கெனவே 'எனக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள்' என்ற பயத்தில் இருப்பவருக்கு, சாம்பாரில் உண்மையாகவே ஏதோ கலந்திருந்தது! அதன்பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டை அவர் எப்படி நம்புவார்?

அவர் ஏன் மறுத்தார் என்று கேட்டிருந்தால் காரணம் சாதாரணமாக இருந்திருக்கலாம். இந்த மருந்துகளில் பலவற்றுக்கு எடை கூடும், கை நடுங்கும், பகலெல்லாம் தூக்கம் தள்ளும். "காலைல மீட்டிங்ல தூங்கி விழறேன், வேலை போயிடும்" என்பது அவர் பயமாக இருக்கலாம். அப்படியென்றால் டோஸை இரவுக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து பார்க்கலாம். மருத்துவரிடம் வழி இருக்கிறது. ஆனால் பிரச்சினை அவர் காதுக்கு வந்தால்தானே? தானாக மருந்தை நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம். திரும்ப அதே வார்டு, அதே மூன்று நாற்காலி.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு 1 மனநல மருத்துவர்கூட இல்லை. அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்கள் 'கதை கேளுங்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள். எல்லோருக்கும் எல்லா நேரமும் பேசக்கூடிய நிலை இருக்காது என்பதும் உண்மை. ஆனால் கதை கேட்க டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என யார் கேட்டு எழுதினாலும் போதும். ஆள் பற்றாக்குறைக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டலடித்தே வளர்ந்த நாம், அந்தத் துறைக்கு இவ்வளவு குறைவாக ஆள் இருப்பதைப் பற்றி எப்போதாவது கோபப்பட்டிருக்கிறோமா?

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மனநலம் பாதிக்கப்பட்டால் எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று 18 வயதான யாரும் முன்கூட்டியே எழுதிவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர். முன்பு நோய் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, 18 வயது முடிந்த நண்பரும் ஆகலாம். நீங்களே முடிவெடுக்க முடியாத நிலையில்தான் இந்த அறிவுறுத்தல் நடைமுறைக்கு வரும். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. அதை மாற்ற வேண்டும் என்று மருத்துவரோ குடும்பமோ நினைத்தால், மனநல மறுஆய்வு வாரியத்திடம் போக வேண்டும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நாமினி பெயர் கேட்கிறார்கள், யோசிக்காமல் எழுதிக் கொடுக்கிறோம். மருத்துவமனைகளும் இதே மாதிரி செய்யலாம். ஒருமுறை சிகிச்சை முடிந்து தெளிவாக வீட்டுக்குக் கிளம்புபவரிடம், மாத்திரைச் சீட்டோடு இந்தப் படிவத்தையும் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து நிரப்ப உதவலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகான திட்டத்தை நோயாளியிடம் கலந்துதான் போட வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, புதிதாக எந்த உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

(மனநல உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண்: டெலி மானஸ் - 14416)