விதை பொது, வேலி எதற்கு?

நமது நாட்டுத் தமிழ்ப் பத்திரிகையாளர் கூடும் இடங்களிலெல்லாம் இக்காலத்தில் ஒரே புலம்பல்தான் கேட்கின்றது. "ஜனங்கள் படிப்பதில்லை, கைப்பேசி வந்து பத்திரிகையைக் கொன்றுவிட்டது" என்பதே அது. 1924 ஆம் ஆண்டில் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019 ஆம் ஆண்டில் நின்றுபோனதை எடுத்துக்காட்டிப் பழி முழுவதையும் வாசகன் தலையில் சுமத்துகின்றார்கள். வாசகனிடம் குற்றமே இல்லையென்று வாதாட நாம் வரவில்லை. ஆனால், தன் வீட்டைத் தானே பூட்டிச் சாவியையும் தொலைத்துவிட்ட ஒருவன், "என் வீட்டுக்கு எவரும் வருவதில்லை" என்று அழுவானாயின், அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது?

நமக்குப் பிழைப்பு மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை. படித்தது ஆங்கில வழியில். தமிழில் எழுதுவது செக்குரோலை மூடி வைத்த பின்னரே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் பால்வெட்டிய பக்கத்துத் தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளருக்கு வீட்டுமனை தருவதாக நிர்வாகம் சொன்ன வாக்கு ஒரு தமிழ் ஏட்டில் வெளிவந்ததாம். அவர் வைத்திருந்த தாளைக் கறையான் தின்றுவிட்டது. "கிராணியாரே, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல கெடைக்குதாமே, அந்தச் சேதிய மட்டும் எடுத்துக் குடுங்க, மனுவோட வெச்சு அனுப்பிடுறேன்" என்றார்.

தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவ்வேட்டில் முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர், அப்பக்கத்தின் கோப்பைப் பழைய வட்டு ஒன்றிலிருந்து எடுத்து அனுப்பினார். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்த கிறுக்கல்! செய்தி அங்கே இருந்தது. ஆனால் படிக்க ஓர் எழுத்தும் இல்லை. மூன்று இரவுகள் எழுத்தெழுத்தாக ஊகித்துப் பார்த்துத் தோற்றோம். பெரியவரின் மனு வெறுங்கையோடு போயிற்று.

இது பேய் செய்த வேலையன்று. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. அந்நாளில் ஒவ்வோர் அச்சகமும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தி வைத்தார்கள். ஓர் ஏட்டின் 'க' மற்றோர் ஏட்டில் 'ம' ஆயிற்று. போர்வை தொலைந்தால் கீழே கிடப்பது வெறுங் கிறுக்கலே. இதற்குப் பரிகாரமாக 1990களின் இறுதியில் திஸ்கி, தாம், தாப் என்னும் பொதுத்தரங்களை அறிஞர்கள் வகுத்தார்கள். அதற்கு முன்னரே, 1991 ஆம் ஆண்டில், யூனிகோடு என்னும் உலகத் தரம் தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கிவிட்டது. ஆயினும், நமது ஏடுகளிற் பல நெடுங்காலம் தத்தம் தனிப் பூட்டை விடவில்லை.

பூட்டுகளைத் திறக்க முயன்றோரும் உண்டு. தன்னார்வலர் எழுதி, மூலநிரலோடு யாவர்க்கும் வழங்கியிருக்கும் 'ஓப்பன்-தமிழ்' என்னும் தொகுப்பிலே பழைய குறியேற்றங்கள் பலவற்றை யூனிகோடாக மாற்றும் கருவி இருக்கின்றது. அதையும் நாம் ஓட்டிப் பார்த்தோம். என்ன பயன்? அந்த ஏட்டின் எழுத்துப் பட்டியலை அதன் சொந்தக்காரர் வெளியிட்டாலன்றோ கருவி வேலை செய்யும்! நான்கு பக்கத்தில் அடங்கும் அப்பட்டியலை மறைத்து வைத்ததால் அவர் ஈட்டிய லாபம் என்ன?

இவ்விடத்தில் 'திறமூலம்' என்பதன் கருத்தை விளக்குவது அவசியம். ஒரு மென்பொருளின் மூலநிரலை ஒளிக்காமல், எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையோடு தருவதே அது. 1983 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனூ என்னும் முயற்சியைத் தொடங்கினார். 1989 ஆம் ஆண்டில் அதற்கென ஓர் உரிமப் பத்திரம் வகுக்கப்பட்டது. "பெற்றவன், மாற்றிப் பிறர்க்கு வழங்கும்போது தான் பெற்ற உரிமையையும் சேர்த்தே வழங்க வேண்டும்" என்பது அதன் சாரம். 1991 ஆம் ஆண்டில் லினக்ஸ் வந்தது. 2003 ஆம் ஆண்டில் வேர்ட்பிரஸ் வந்தது. இன்று சிறு தமிழ் ஏடு ஒன்று இணையத்தில் பக்கம் திறக்க அச்சு இயந்திரமும் வேண்டியதில்லை, ஈய எழுத்தும் வேண்டியதில்லை. வேர்ட்பிரஸும், லோகித், நோட்டோ போன்ற கட்டற்ற தமிழ் எழுத்துருக்களும் காசின்றிக் கிடைக்கின்றன. நமது நாட்டு முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய முரசு அஞ்சல் திறமூலம் அன்று; ஆயினும், தமிழைக் கணினியில் ஏற்றிய அத்தொண்டை நாம் மறக்க மாட்டோம்.

நமது குற்றச்சாட்டு இதுதான்: எடுக்கும்போது இரண்டு கையாலும் எடுக்கின்றோம், கொடுக்கும்போது கையை மடக்கிக்கொள்கின்றோம். அமெரிக்காவிலே கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர்கள், தங்கள் ஏட்டின் அவசரத் தேவைக்காக ஒரு கருவியை எழுதினார்கள். அதனை 2005 ஆம் ஆண்டில் 'ஜாங்கோ' என்னும் பெயரால் உலகுக்கே வழங்கினார்கள். 2016 ஆம் ஆண்டில் வெளியான பனாமா ஆவணங்கள், ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், பத்திரிகையாளர் கைக்கு வந்தபோது, அவற்றைத் துருவிப் பார்க்க உதவியவற்றுள் திறமூலத் தேடற்கருவிகளும் இருந்தன. பின்னர் அப்பத்திரிகையாளர் கூட்டமைப்பே 'டேட்டாஷேர்' என்னும் கருவியை எழுதி யாவர்க்கும் வழங்கிற்று. நமது ஏடுகள் உலகத்துக்கு அளித்த கருவி ஒன்றேனும் உண்டா? ஒரு எழுத்துருப் பட்டியலேனும் உண்டா?

மலாக்காக்காரர் அறியாததன்று பின்வரும் கதை. 1876 ஆம் ஆண்டில் பிரேசில் காட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் விதை லண்டன் வழியாகச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டம் வந்து சேர்ந்தது. அத்தோட்டத்துத் தலைவர் ரிட்லி, நடுவோர் எவராயினும் வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தி வந்தார். பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்கள். அவர் சொல்லைக் கேட்ட டான் சாய் யான் 1896 ஆம் ஆண்டில் நமது புக்கிட் லிந்தாங்கில் நட்டார். விதை விரும்பியவர்க்கெல்லாம் கிடைத்தது. நட்டு வேலி போட்டவர் செல்வரானார். வேலிக்குள்ளே பால்வெட்டிய நம் பாட்டனும் பாட்டியும் லயத்திலேயே கிடந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய் வீடமைப்பு வந்தது. அவர்களுக்கென ஒரு சாண் வேலியும் மிஞ்சவில்லை.

இன்று நடப்பதும் அதுவே. முகநூல் நிறுவனம் தன் மாளிகையைக் கட்டியது பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் என்னும் பொதுவிதைகளைக் கொண்டுதான். விதையை எடுத்தது, சுற்றிலும் வேலி போட்டது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் உள்ள நம் இளைஞர்கள், தோட்டத்துக் கோவில் வரலாற்றையும் பள்ளி இடம் மாறிய செய்தியையும் நாள்தோறும் அந்த வேலிக்குள்ளே கொட்டுகின்றார்கள். பாலைச் சுமந்து கொடுக்கின்றோம், மரம் நமதன்று. நாளைக்கு அந்தத் துரை வாயிலை மூடினால் நம் வரலாறு எங்கே போகும்?

சிலர் ஆட்சேபிக்கலாம்: "செய்தியைத் திறந்து வைத்தால் திருடுவார்கள், நாங்கள் எப்படிப் பிழைப்பது?" இது இரண்டு விஷயங்களைக் குழப்புவதாகும். எழுத்தைத் திறப்பது வேறு. ஏட்டை இலவசமாகக் கொடுப்பது வேறு. 1999 ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியாகினி 2002 ஆம் ஆண்டு தொடங்கி வாசகரிடம் சந்தா பெற்றது. இன்றைய செய்திக்குக் காசு கேளுங்கள், நாம் கொடுக்கின்றோம். இருபது ஆண்டுக்கு முந்திய தொழிலாளி வழக்கைப் பூட்டி வைப்பதில் காசும் இல்லை, தருமமும் இல்லை. "திறந்தால் பொய்ச்செய்தி பெருகும்" என்பர் வேறு சிலர். நாளும் பெயரும் இல்லாமல் வாட்ஸ்ஆப்பில் ஓடும் படத்தைச் சோதிக்க முடியுமா? எழுத்தாக நிற்கும் செய்தியையன்றோ தேடி, ஒப்பிட்டு, மெய் காண முடியும்!

"நம் போன்ற சிறு சமூகத்தால் ஆகாது" என்பாரை யாழ்ப்பாணத்தாரைப் பார்க்கச் சொல்லுவோம். 1981 ஆம் ஆண்டில் அவர்களது பொது நூலகம் எரிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் சிலர் 'நூலகம்' என்னும் இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா ஓடும் அதே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, நூலும் இதழும் நாளேடுமாகப் பல்லாயிரம் ஆவணங்களை எவரும் படிக்கும்படி ஏற்றி வைத்திருக்கின்றார்கள். தீக்குப் பறிகொடுத்தவர் திறந்து வைத்தார்கள். கறையானுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நாம் பூட்டி வைக்கின்றோம்!

ஆகவே, ஏடு நடத்துவோரை நாம் கேட்பது மூன்று. செய்தியைப் படமாக ஒட்டாமல் யூனிகோடு எழுத்தாக வெளியிடுங்கள். பழைய எழுத்துருப் பட்டியலை இன்றே பொதுவில் வையுங்கள். நின்றுபோகும் ஏடு தன் பழைய இதழ்களை நூலகமொன்றில் ஒப்படைத்துவிட்டு நிற்கட்டும். வாசகரைக் கேட்பது ஒன்றே: உங்கள் தோட்டத்துச் செய்தியை நாளும் ஊரும் குறித்துத் தமிழில் தட்டெழுதி, வேலிக்கு வெளியிலும் ஒரு படி வையுங்கள்.

அந்தப் பெரியவர் இன்னும் மாதம் ஒரு முறை வந்து, "கெடச்சுதா கிராணியாரே?" என்று கேட்கின்றார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? பூட்டியவர்கள் சொல்லட்டும்!