கொஞ்சம் போல்டு

"பொண்ணு எப்படி சார்?"

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் வந்த கேள்வி இது. கேட்டவர் தாணேயில் இருக்கும் ஒரு தமிழர். சங்க விழாக்களில் பார்த்துப் பேசிய பழக்கம். அவருடைய மகனுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். பெண், செம்பூரில் எங்கள் கட்டிடத்திலேயே இரண்டு மாடி மேலே குடியிருக்கும் நண்பரின் மகள். பாவாடை கட்டிய நாளிலிருந்து நான் பார்த்து வளர்ந்தவள். ஜாதகம் பொருந்திவிட்டது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி.

"நல்ல குடும்பம். பெண் நன்றாகப் படித்தவள். நல்ல உத்தியோகம். கொஞ்சம் போல்டு," என்றேன்.

அவரும் "அப்படியா, சரி, சரி" என்று வைத்துவிட்டார். அந்த வரன் மேற்கொண்டு நகரவில்லை. சில மாதங்கள் கழித்துப் பொங்கல் விழாவில் அவரைச் சந்தித்தபோது, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று யதார்த்தமாகத்தான் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்கதானே சார் சூசகமாச் சொன்னீங்க. ரொம்ப உபகாரம்," என்றார்.

கையிலிருந்த சர்க்கரைப் பொங்கல் அதன் பிறகு இறங்கவில்லை.

நான் அவளைப் புகழ்ந்ததாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தானா? மனச்சாட்சியைத் தொட்டுச் சொன்னால், இல்லை. புகழ நினைத்திருந்தால் 'துணிச்சலான பெண்' என்று நல்ல தமிழில் சொல்லியிருப்பேன். அந்த 'கொஞ்சம்' என்ற சொல் எதற்கு? 'கொஞ்சம் சர்க்கரை வியாதி உண்டு' என்று சொல்கிறோமே, அந்தக் கொஞ்சம்தான் அது.

விஷயம் இதுதான். அந்தப் பெண் தன் அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவரின் தகாத நடத்தை பற்றி எழுத்து மூலம் புகார் கொடுத்திருந்தாள். அவளுடன் வேலை பார்த்த மற்ற பெண்களும் அதே தொல்லையை அனுபவித்தவர்கள்தான். கையெழுத்துப் போட்டவள் இவள் ஒருத்திதான். கட்டிடம் முழுவதும் இது தெரியும். அதைத்தான் நான் ஓர் ஆங்கிலச் சொல்லில் மூடிக் கொடுத்தேன்.

இந்த 'போல்டு' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் புழங்குகிறோம் என்று அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். சினிமா விமர்சனத்தில் 'போல்டான காட்சி' என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. 'கதாநாயகி போல்டாக நடித்திருக்கிறார்' என்றால் பாதிப் பேர் அவர் எப்படி நடித்தார் என்றா நினைக்கிறார்கள்? என்ன உடுத்தினார் என்றுதான் நினைக்கிறார்கள். கதாநாயகன் பத்துப் பேரை அடித்தாலும் போல்டு ஆவதில்லை, அவன் வீரன். அலுவலகத்தில் எதிர்த்துப் பேசும் ஆண் 'தைரியசாலி', அதையே செய்யும் பெண் 'போல்டு'. மணமகன் தேவை விளம்பரத்தில் எழுத்து மட்டும் போல்டாக இருக்கலாம், பெண் இருக்கக் கூடாது!

ஆங்கிலத்தின் மீது பழி போடலாமா என்று அகராதியைப் புரட்டினேன். மிகப் பழைய சொல் அது. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆண்களின் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்ச்சிபால்டு, தியோபால்டு எல்லாம் அந்த வகை. கொலாபாவில் 1871-இல் தொடங்கிய லியோபோல்டு கஃபேயை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பெயரின் பின்பாதியும் இந்தச் சொல்தான். ஆனால் அந்த மொழியிலும் இதற்கு இரண்டு முகம் உண்டு. அஞ்சாதவன் என்பது ஒன்று, அடக்கமில்லாதவன் என்பது மற்றொன்று. அயர்லாந்தில் இன்றும் சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தையைத்தான் 'போல்டு' என்று அதட்டுவார்கள்.

சரி, தமிழுக்குத் திரும்பினால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்று நமக்கொரு பழமொழி உண்டு. அங்கே துணிந்தவன் ஆண். அவனுக்குத் தூக்குமேடையும் பஞ்சு மெத்தை. ஒரு பெண் துணிந்தால் நம் வீடுகளில் அவளுக்குக் கிடைத்த பட்டம் என்ன? 'துணிஞ்ச கட்டை'. ஆக, கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. நம்மிடம் இருந்த பழைய சரக்கைத்தான் புதிய டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறோம். தமிழில் சொன்னால் வசவு என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சொன்னால் நாகரிகமாக இருக்கிறது. சொன்னவனுக்கும் பொறுப்பில்லை.

இத்தனைக்கும் 'துணிவு' எவ்வளவு நல்ல சொல்! துணிதல் என்றால் அறுபடுதல், துண்டாதல் என்று பொருள். நாம் உடுத்தும் துணிக்கும் அதுவே வேர் என்பார்கள். மனத்துக்குள் 'செய்யலாமா, வேண்டாமா' என்று ஆடிக்கொண்டிருப்பதை ஒரே வெட்டில் முடித்து ஒரு பக்கம் நிற்பதுதான் துணிவு. அதனால்தான் பழைய நூல்களில் துணிவு என்றால் முடிவு, தீர்மானம் என்றும் பொருள் வருகிறது. செயலில் இறங்குமுன் ஆராய்ந்துவிட வேண்டும், இறங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது குற்றம் என்று வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் சொல்லுமிடத்திலும் இந்தச் சொல்தான் நிற்கிறது. அதே வள்ளுவர், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமலிருப்பதைப் பேதைமை என்றும் சொல்லியிருக்கிறார். பயமே இல்லாமல் இருப்பதற்குப் பெயர் துணிவு அல்ல. பயத்தையும் கணக்கில் சேர்த்து எடுத்த முடிவுக்குப் பெயர்தான் துணிவு.

இதற்கு நம் பம்பாயிலேயே ஓர் உதாரணம் உண்டு. ருக்மாபாய். பதினோரு வயதில் மணம் செய்து வைக்கப்பட்டவர். வளர்ந்த பின் கணவர் வீட்டுக்குப் போக மறுத்தார். கணவர் 1884-இல் வழக்குத் தொடுத்தார். 1887 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் கணவரிடம் போக வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. சிறைக்கே போகிறேன் என்றார் அந்தப் பெண். அன்றைய பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் அவரைச் சும்மா விடவில்லை. கடைசியில் 1888-இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துச் சமரசம் ஏற்பட்டது. பிறகு லண்டன் சென்று மருத்துவம் படித்து, திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1955-இல் காலமானார். 1891-இல் வந்த சம்மத வயதுச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய வழக்கு எழுப்பிய விவாதமும் இருந்தது.

இன்னொருவர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்து பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் அவருக்கு நேர்ந்த கொடுமையை நாடறியும். அவர் வாய்மூடி இருக்கவில்லை. விசாரணை நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அதை ஒட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகள்தான் 2013-இல் சட்டமாயின. என் நண்பரின் மகள் எந்தக் குழுவிடம் புகார் கொடுத்தாளோ, அந்தக் குழு அந்தச் சட்டத்தால் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் வெட்டிக் கொடுத்த பாதையில்தான் செம்பூர்ப் பெண் நடந்திருக்கிறாள். இவர்களை 'கொஞ்சம் போல்டு' என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா?

பொங்கல் விழா முடிந்து ஒரு வாரம் பொறுத்து நண்பர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "அந்தப் புகாரை எழுதறதுக்கு முந்தி ஒரு வாரம் அவ தூங்கவே இல்லை, அண்ணா. அது யாருக்குத் தெரியும்?" என்றார். பெண்ணுக்கு என் மீது கோபம் இல்லை. காபியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, என் தம்பியைப் பத்தி யாராவது விசாரிச்சா, அவனைப் போல்டுன்னு சொல்வீங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

நம்மில் பலருக்கு இந்த மாதிரித் தொலைபேசி வருகிறது. வெளி மாநிலத்தில் இருக்கிறோம். ஊரில் போல நாலு தெரு விசாரிக்க முடியாது. நம்மவர் ஒருவர் சொல்லும் ஒரு சொல்லை வைத்துத்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. அதனால் அந்தச் சொல்லுக்கு ஊரில் இருப்பதைவிட இங்கே எடை அதிகம். என் வேண்டுகோள் இதுதான்: அடைமொழி வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

அதே கேள்வி இன்று வந்தால் நான் இப்படிச் சொல்வேன்: "அவள் வேலை செய்யுமிடத்தில் ஒரு தவறு நடந்தது. பயந்தாள், ஒரு வாரம் யோசித்தாள், பிறகு எழுதிக் கொடுத்தாள். உங்கள் வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஓடிவிட மாட்டாள்." அதைக் கேட்டும் வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். அது அவர்களுடைய முடிவு. அந்த முடிவுக்கு என் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கடன் கொடுக்க இனி நான் தயாராக இல்லை.